தம்பி ஏன் சிரிக்கிறான்?

குரும்பலூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். பெரியவரின் படத்துக்குக் கீழே எழுத்துகள் பன்னு மாதிரி உப்பி, சிரித்துக்கொண்டிருந்தன. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, 'பலூ தம்பி'.

ஏக் டைப் குழு இந்திய மொழிகளுக்காகச் செய்த 'பலூ' எழுத்துருக் குடும்பத்தின் தமிழ்ப் பிள்ளை அது. மலையாளத்துக்குச் சேட்டன், தமிழுக்குத் தம்பி. இலவசமாகவே கிடைக்கிறது. எனக்கு அதன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. தடித்த கோட்டில் எழுதினால் 'ண', 'ஞ' போன்ற சுழி எழுத்துகள் அடைத்துக்கொள்ளும். இதில் அப்படியில்லை, உள்ளே வெளிச்சம் இருக்கிறது. ஐஸ்கிரீம் கடைக்கும் குழந்தைகள் புத்தகத்துக்கும் அருமையாகப் பொருந்தும்.

சிக்கல் வேறு இடத்தில். எங்கள் ஊர்ச் சுவர்களில் பிரஷ் பிடித்தவர்களும் விளையாடியவர்கள்தான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் சிலர் 'லை'க்குத் தும்பிக்கை போட்டார்கள். இடம் மிஞ்சினால் தும்பிக்கை நீளும், முட்டினால் சுருளும். ஒரே சுவரில் இரண்டு 'லை' ஒன்றுபோல இருக்காது. ஆனால், "எதுக்குண்ணே எழுதணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் பெயின்ட் டப்பாவைத் திறப்பார்கள். கல்யாணத் தட்டிக்கு வளைந்த அதே கை, இரங்கல் தட்டிக்கு நிமிர்ந்துவிடும்.

எழுத்துரு அதையெல்லாம் கேட்காது. அதற்குத் தெரிந்தது ஒரே முகம். கேட்க வேண்டியவர் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர். வடிவமைப்பு அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. எழுத்துருப் பட்டியலைத் திறப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.