வளனாரின் மௌனமும் காவியத்தின் குரலும்

நற்செய்தி நூல்கள் நான்கிலும் புனித சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. அவரையே தலைவராகக் கொண்டு வீரமாமுனிவர் 1726 ஆம் ஆண்டில் இயற்றிய தேம்பாவணியோ 36 படலங்களாகவும், 3,600க்கு மேற்பட்ட பாடல்களாகவும் விரிகின்றது. வாய் திறவாத ஒருவரை நாயகராக்கிப் பெருங்காப்பியம் செய்தல் எளிதன்று. அம்முயற்சியில் முனிவர் பெற்றதும் இழந்ததும் யாவை என நாவடக்கத்தின் நோக்கில் மட்டும் ஈண்டுக் காண்போம்.

மத்தேயு கூறும் நிகழ்ச்சி மிகச் சுருக்கமானது. தமக்கு மண ஒப்பந்தமான மரியன்னை கருவுற்றிருப்பதைச் சூசையப்பர் அறிகிறார்; அதன் காரணத்தை அறியார். மோசேயின் சட்டப்படி அத்தகைய குற்றத்திற்குத் தண்டனை கல்லெறி. ஊரைக் கூட்டி நியாயம் கேட்க அவருக்கு உரிமை உண்டு. எனினும் அன்னையை இகழ்ச்சிக்கு ஆளாக்க மனமின்றி, மறைவாக விலக்கிவிடவே எண்ணுகிறார். வானதூதர் கனவில் தோன்றுமுன் அவர் எடுத்த முடிவு இது. அன்னை மாசற்றவர் என்று அறிவிக்கப்படாத வேளையிலேயே அவர் நா அடங்கியிருந்தது. அவ்விடத்திற்றான் மத்தேயு அவரை நேர்மையாளர் என்று அழைக்கிறார்.

இச்சிறு பகுதியை வீரமாமுனிவர் ஐயம் தோன்றுவதற்கு ஒரு படலம், அது நீங்குவதற்கு ஒரு படலம் என விரித்துரைக்கிறார். இதனால் நாம் பெறும் பயன் பெரிது. நாவை அடக்கியவர் நெஞ்சில் நோவற்றவர் அல்லர் என்பதை உணர்கிறோம். ஆயினும் துயரத்திற்கு இத்துணைச் சொற்கள் வாய்த்தபின், ஊரார்முன் அவர் சொல்லாது விட்ட அந்த ஒரு சொல்லின் கனம் சற்றே குறைந்துபோகிறது. இவ்வகையில் மத்தேயுவின் சுருக்கமே வலிமை மிக்கது என்பது நம் துணிபு.

"உண்மையைத்தானே சொன்னோம்" என்று நம்மில் பலர் அமைதி கொள்கிறோம். பொய்யான பழியை அவதூறு என்றும், பிறருடைய உண்மையான குறையைத் தக்க காரணமின்றி வெளியிடுவதைப் புறங்கூறல் என்றும் திருச்சபையின் ஒழுக்கவியல் பிரித்துக் காட்டுகிறது, இரண்டும் பாவமே. திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் ஒரு பெண்ணின் பெயர் பேச்சில் அடிபடும்போதும், அதே செய்தி கைப்பேசிவழி வீடு வீடாகப் பரவும்போதும், நம் கையில் இருப்பது பழைய கல்லே.

ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. சூசையப்பர் காத்த மௌனம் வலுவற்ற ஒருவரைக் காத்தது. வலியவர் எளியவருக்கு இழைத்த கொடுமையை மூடிமறைக்கும் மௌனத்திற்கு அவருடைய பெயரைச் சூட்டுதல் தகாது; அங்கே உரியவரிடம் உண்மையைச் சொல்வதே கடமை. என் மௌனம் யாரைக் காக்கிறது? நாவடக்கத்தை அளக்க இக்கேள்வி ஒன்றே நமக்குப் போதும்.