தாய் இருக்கப் பிள்ளைக்கு ஏன் இல்லம்?

பிறந்தநாள், திருமண நாள், இறந்தவரின் ஆண்டு நினைவு என்று கனடாவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள் வன்னிச் சிறுவர் இல்லங்களுக்கு ஒருநேரச் சாப்பாட்டுக் காசு அனுப்புவது இன்று வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் வரிசையாக இருந்து சாப்பிடும் படம் அன்றிரவே முகநூலில் வரும். கேள்வி கேட்டால், "அங்கே மூன்று நேரச் சாப்பாடும் படிப்பும் கிடைக்குதுதானே" என்பார்கள். கத்தோலிக்க இல்லங்கள் என்றால் இந்தப் பதில் இன்னும் அழுத்தமாக வரும்.

அந்த அழுத்தத்துக்குக் காரணம் உண்டு. போர் இறுகிய 2008 செப்டெம்பரில் பெரும்பாலான சர்வதேச நிறுவனங்கள் வன்னியை விட்டுப் போனபின்னும் குருமாரும் கன்னியரும் சனத்தோடு நின்றார்கள். உருத்திரபுரம் பங்குத்தந்தை சரத்ஜீவன் 2009 மே 18 அன்று சனத்தோடு வெளியேறும்போது இறந்தார். இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போன அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் இன்றுவரை திரும்பவில்லை. மீள்குடியேற்றத்தில் திருச்சபையின் தொண்டு நிறுவனமான வன்னி கியூடெக் செய்த வேலையும் சிறியதல்ல. உற்றார் எவருமே இல்லாத பிள்ளைக்கு இல்லம் வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் இல்லங்களில் இருப்போர் பெரும்பாலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் அல்லர். இலங்கையின் சிறுவர் இல்லங்களை ஆராய்ந்து சேவ் த சில்ரன் அமைப்பு 2005இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அங்கிருந்தோரில் மிகப் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார். அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது முதன்மையாக வறுமை. போருக்குப் பின் வன்னியில் இந்த நெருக்கடி இன்னும் இறுகியது. கணவன் காணாமற்போனவள், மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வெறுங்காணிக்குத் திரும்பியவள், கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரருக்குப் பதில் சொல்ல முடியாதவள், கடைசியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போகிறாள். பிள்ளையை ஏற்றுக்கொள்ளுகிறோம். பிள்ளையை வீட்டில் வைத்திருக்க அவளுக்கு என்ன குறைகிறது என்று கேட்பதில்லை. தையல் மெசினா, பாடசாலை வானுக்குக் காசா, கடனை அடைக்க ஒரு கைகொடுப்பா? கட்டடத்துக்கும் சமையலாளுக்கும் விடுதிப் பொறுப்பாளருக்கும் காசு தேடித் தரும் நம்மிடம், தாயின் கையில் கொடுக்க மட்டும் காசில்லை. பிள்ளையோ வருடக்கணக்காக விடுமுறைக்கு மட்டும் வீடு பார்க்கிறது. பதினெட்டு வயதில் திரும்பி வரும்போது அந்த வீட்டுக்கு அது விருந்தாளி.

இந்த முறை வந்த வழியையும் பார்க்க வேண்டும். அமலமரித் தியாகிகள் 1847இல் இலங்கைக்கும் திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தார்கள். கொள்ளைநோய் குடும்பங்களையே அழித்த அந்தக் காலத்தில் அநாதை மடம் தேவையாக இருந்தது. தேவை மாறியும் முறை மாறவில்லை. அதே அமலமரித் தியாகிகள் கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளிகளை நடத்தி, 1991இல் அதற்காக மன்னிப்புக் கேட்டார்கள். அங்கு நடந்த கொடுமைகளை வன்னியின் மேல் ஏற்றுவது அநியாயம். ஆனால் ஏழை வீட்டை விட விடுதியே பிள்ளைக்கு நல்லது என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

திருச்சபையிடம் வேறு வழியும் இருந்தது. 1833இல் பாரிசில் ஓசானாம் தோழர்களோடு தொடங்கிய வின்சென்ட் டி போல் சபை, ஏழையை அவன் வீட்டிலேயே போய்ச் சந்திப்பதை முதற்கடமையாக வைத்தது. அந்தச் சபை இன்றும் நம் பங்குகளில் இருக்கிறது. அது பெரும்பாலும் பங்கு மக்களின் சில்லறையில் ஓடுகிறது, வெளிநாட்டுக் காசு இல்லங்களுக்குப் போகிறது. பிள்ளைகளின் மாற்றுப் பராமரிப்புப் பற்றி 2009இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற வழிகாட்டல்களும், வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்கின்றன.

கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ் மறைமாவட்டத்தின் பொறுப்பு, வவுனியா மன்னார் மறைமாவட்டத்தின் பொறுப்பு. இரு ஆயர்களும் தம் இல்லங்களில் தாய் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணி வெளியிடட்டும். ஒவ்வொரு பிள்ளையும் வீடு திரும்ப ஒரு திட்டம் எழுதட்டும். புலம்பெயர்ந்த உறவுகளே, அடுத்த நினைவு நாளுக்குக் காசு அனுப்புமுன், அதில் எவ்வளவு ஒரு தாயின் கைக்குப் போய்ச் சேரும் என்று கேளுங்கள்.