இடாகினி என்ன மறுமொழி சொன்னாள்?
பரணியும் வேளமும் ட்ராய் நகரத்துப் பெண்களும்

1

ஜூலை 14 இரவு புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இருக்கிற போர் நினைவுச் சின்னத்துக்கு விளக்கு போடுவார்கள். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்த பிரெஞ்சிந்தியப் போராளிகளுக்காக 1938இல் திறக்கப்பட்ட சின்னம் அது. நான்கு வெள்ளைத் தூண்கள், நடுவில் துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றித் தலை குனிந்து நிற்கிற சிப்பாய். சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் ‘சொல்தா வீடு’ என்றால் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வீடு. இந்தோசீனா போனவர்கள், அல்ஜீரியா போனவர்கள். சொல்தா செத்துப் போனாலும் வீட்டுக்குப் பெயர் சொல்தா வீடுதான். உள்ளே இருக்கிற அம்மாவுக்குத் தனியாகப் பெயர் கிடையாது.

ஆண்சிலை ஒன்றின் குனிந்த தலையாகப் போர் நினைவுகொள்ளப்படுகிறது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது வீட்டுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. இந்தச் சாத்திய கதவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எழுத வைத்தது ஒரு கேள்வி. முத்தியால்பேட்டையில் நண்பர் ஒருவரின் மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் படிப்போம். ஒரு வாரம் நான் கலிங்கத்துப் பரணி பற்றிப் பேசினேன். களம் பாடியது பகுதியில், போர் முடிந்த களத்தில் ஒரு பெண் தன் கணவனின் உடலைத் தேடுகிறாள். பிணங்களைத் தடவிப் பார்க்கிறாள். அங்கே திரிகிற இடாகினியிடம், காளியின் ஏவல் பேயிடம், என் கணவர் கிடக்கிற இடம் எங்கே என்று கேட்கிறாள். இதைச் சுவை, மெய்ப்பாடு என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். கீழ்ப்புத்துப்பட்டு முகாமிலிருந்து வந்து தமிழ் படிக்கிற ஒரு பெண் குறுக்கிட்டாள்.

“அண்ணா, அவ கேட்டவ எண்டு சொன்னீங்கள். இடாகினி என்ன மறுமொழி சொன்னவள்?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. “பிரதியில அது இல்லம்மா” என்றேன்.

“எங்கட பெரியம்மாவும் இப்பிடித்தான் கேட்டுக்கொண்டு நிக்கிறா” என்றாள். அவ்வளவுதான். பிறகு அவள் அன்றைக்குப் பேசவில்லை.

எம்.ஏ.யில் பரணியைப் பாடமாகப் படித்தவன் நான். அந்தத் தாழிசையைத் தேர்வுக்கு எழுதியிருக்கிறேன். மறுமொழி என்ன என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. ஏன் தோன்றவில்லை?

2

தோற்றவர் பெயரால் அழைக்கப்படுவது பரணி என்கிற இலக்கிய வகையின் ஒரு விசித்திரம். போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்று பாட்டியல்கள் சொல்கின்றன. ஜெயித்தவன் முதலாம் குலோத்துங்கன், படை நடத்தியவன் கருணாகரத் தொண்டைமான். நூலின் பெயர் மட்டும் கலிங்கத்துப் பரணி. தோல்வியைப் பெயரில் வைத்துக்கொண்டு வெற்றியை உள்ளே பாடுகிற வடிவம் இது.

கிரேக்க அவல நாடகத்திலும் இப்படிப் பெயர்கள் உண்டு. சலாமிஸ் கடற்போர் கி.மு. 480இல் நடந்தது. எட்டே வருஷத்தில், கி.மு. 472இல், ஈஸ்கிலஸ் ‘பாரசீகர்கள்’ என்று நாடகம் போட்டான். மேடையில் ஒரு கிரேக்கன் கூட இல்லை. தோற்ற நாட்டு அரசி தூதனிடம் யார் யார் செத்தார்கள் என்று கேட்கிறாள். தூதன் பெயர் பெயராகச் சொல்கிறான். கி.மு. 415இல் யூரிப்பிடிஸ் ‘ட்ராய் நகரத்துப் பெண்கள்’ எழுதினான். இதில் போர் நாடகம் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. ஆண்கள் செத்துவிட்டார்கள். எஞ்சிய பெண்களை யாருக்கு யார் என்று சீட்டுப்போட்டுப் பங்கிட்டிருக்கிறார்கள். தால்திபியஸ் என்கிற கட்டியக்காரன் வந்து முடிவை அறிவிக்கிறான். கஸாண்ட்ரா அகமெம்னானுக்கு. அன்ட்ரோமாகி, அவள் புருஷன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலீஸின் மகனுக்கு. கிழவி ஹெக்குபா ஒடிஸியஸுக்கு அடிமை. அன்ட்ரோமாகியின் சின்னப் பையனை மதிலிலிருந்து வீசிக் கொல்கிறார்கள். பாட்டி அவனைத் தகப்பனின் கேடயத்தில் கிடத்தி அடக்கம் செய்ய அனுப்புகிறாள்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் ஏதென்ஸ் மெலோஸ் என்கிற சின்னத் தீவை வென்று, பிடிபட்ட ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றிருந்தது. துசிடிடஸ் இதைச் சொல்கிறான். யூரிப்பிடிஸ் மெலோஸின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. 1965இல் சார்த்தர் இந்த நாடகத்தைப் பிரெஞ்சில் தழுவி எழுதியபோதும், அல்ஜீரியப் போர் முடிந்து மூன்று வருஷமே ஆகியிருந்தது. அந்தப் போருக்கு எங்கள் ஊரிலிருந்தும் சொல்தாக்கள் போயிருந்தார்கள்.

3

இனி பரணிக்கு வருவோம். கடவுள் வாழ்த்துக்கு அடுத்தது கடைதிறப்பு. பெண்களைக் கூப்பிட்டுக் கதவைத் திறங்கள், வெற்றியைப் பாடக் கேளுங்கள் என்கிற பகுதி. போருக்குப் போன கணவர்கள் வரத் தாமதமானதால் ஊடிக் கதவடைத்த பெண்கள் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். சிருங்காரம் அதிகம் என்று எங்கள் வகுப்பில் இதைத் தாண்டிப் போனார்கள். கல்லூரிப் பெயர் வேண்டாம், பெரும்பாலான வகுப்புகளில் இதுதான் கதை.

தாண்டாமல் படித்தால் ஒரு விஷயம் தட்டுப்படும். ஜெயங்கொண்டார் கூப்பிடுகிற பெண்கள் எல்லோரும் சோழ வீரர்களின் மனைவியர் இல்லை. வடுகும் தமிழும் கலந்து குழறுகிற கருநாடகப் பெண்கள் இருக்கிறார்கள். பாண்டியர் விழிஞத்துக்கு ஓட, பின் காடு புக, வேளம் புகுந்த பெண்களும் இருக்கிறார்கள். அவர்களையும் பார்த்துத்தான் கவி ‘திறமின்’ என்கிறார். வேளம் என்பது சோழ அரண்மனையோடு சேர்ந்த பணிப்பெண்களின் குடியிருப்பு. கல்வெட்டுகளில் வேளங்களும் வேளத்துப் பெண்டாட்டிகளும் வருகிறார்கள், கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்களாகவும் வருகிறார்கள். 2006இல் டாவுட் அலி எழுதிய ஆய்வுக் கட்டுரை, இந்த வேளங்களையும் போரில் பெண்களைச் சிறைபிடிப்பதையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறது. சோழ மெய்க்கீர்த்திகள் இதை மறைக்கவும் இல்லை. ஈழ அரசனின் தாயை மூக்கறுத்ததை முதலாம் இராசாதிராசனின் மெய்க்கீர்த்தி பெருமையாகச் சொல்கிறது.

ஆக, கடைதிறப்பின் கதவுகளுக்குப் பின்னால் தமிழின் ட்ராய் நகரத்துப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை நாட்டை இழக்கச் செய்த அதே வகைப் போரின் புகழைக் கேட்கத்தான் கதவைத் திறக்கச் சொல்கிறார்கள். அவர்கள் திறந்தார்களா? என்ன சொன்னார்கள்? பிரதியில் இல்லை. குழறுகிற மொழி இனிமை என்று மட்டும் பதிவாகிறது. பிடித்துவரப்பட்ட இடத்தின் மொழி வாயில் வராமல் தடுமாறுவது வென்றவன் காதுக்கு மழலையாகக் கேட்கிறது. இந்த இடத்தில் எனக்கு இலக்கிய நயம் என்கிற சொல்லே கசக்கிறது.

இது சோழர் காலத்துப் புதுப் பழக்கமும் இல்லை. பட்டினப்பாலையில் கொண்டி மகளிர் வருகிறார்கள். கொண்டி என்றால் கொள்ளை, பிடித்துக்கொண்டு வந்தது. அவர்கள் நீர்த்துறையில் மூழ்கி, அந்தியில் அம்பலத்தில் விளக்கேற்றுகிறார்கள். பகைவர் நாட்டிலிருந்து பிடித்து வந்த பெண்கள் என்பது பழைய உரை. மதுரைக்காஞ்சியில் இதே சொல் வருகிறபோது பரத்தையரைக் குறிக்கிறது. ஆடவரின் பொருளைக் கொள்ளை கொள்கிறவர்களாம். கொள்ளையிடப்பட்டவள் கொள்ளைக்காரி ஆகிவிட்டாள். ஊர்ப்பக்கம் பயிரை மேய்கிற மாட்டைக் கொண்டி மாடு என்போம். குற்றம் இடம் மாறுவதற்கு அந்தச் சொல்லில் ஏற்கெனவே வழி இருந்திருக்கிறது.

4

சரி, களத்துக்குப் போவோம். காளி தன் பேய்க்கூட்டத்துக்குக் களத்தைக் காட்டுகிறாள். அங்கேதான் தேடுகிற பெண்கள். இடாகினியைக் கேட்பவள் ஒருத்தி. கணவனின் வாள் எங்கே, மார்பு எங்கே, தோள் எங்கே என்று துண்டு துண்டாகப் பயிரவியைக் கேட்பவள் ஒருத்தி. கணவனின் மடித்த உதட்டைப் பார்த்து, வேறொருத்தி தந்த வடுவை மறைக்கிறானோ என்று ஊடி, அப்படியே உயிர் சோர்கிறவள் ஒருத்தி. மண்மகள் அவனைத் தழுவிவிடக் கூடாது என்று உடலைக் கையில் தாங்கி, விண்ணுலகப் பெண்கள் அவனைச் சேர்வதற்குள் தானும் உயிரை விடுகிறவள் ஒருத்தி. இவர்கள் கலிங்கத்துப் பெண்களா, சோழர் பக்கத்தவர்களா என்று பிரதி சொல்வதில்லை. ஒவ்வொரு தாழிசையும் ‘காண்மின்’ என்று முடிகிறது. பார், பார் என்கிறது. கேள் என்று ஒரு இடத்திலும் சொல்வதில்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. களத்தில் துக்கம் முற்றியவர்கள் அங்கேயே செத்துப் போகிறார்கள். கணவனோடு உயிர்விடுவதற்குத் தமிழ்ப் புற இலக்கணம் துறையே வகுத்திருக்கிறது, மூதானந்தம் என்று. உயிரோடு இருந்தால் தாபத நிலை, கைம்மை நோன்பு. பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு அந்த நோன்புச் சோற்றை வேண்டாமென்று சொல்லித் தீயைத் தேர்ந்த பாட்டு புறநானூற்றில் 246ஆவது. அதைக் கற்பின் உச்சம் என்று படிப்பது வழக்கம். உயிரோடு இருப்பதை எவ்வளவு கேவலமாக்கி வைத்திருந்தால் தீ குளிர்ச்சியாகப் படும் என்று படிக்கலாமே? அந்தப் பாட்டில் இருக்கிற கோபம் நெருப்பைப் பார்த்து வந்த கோபமில்லை. தன்னைத் தடுக்கிற சான்றோரைப் பார்த்து வந்தது.

யூரிப்பிடிஸ் செய்த கொடுமையும் நன்மையும் ஒன்றுதான்: ஹெக்குபாவைச் சாகவிடவில்லை. எரிகிற ட்ராயில் விழப் போகிறாள், தடுத்துவிடுகிறார்கள். அவள் ஒடிஸியஸின் சொத்து. காலை எடுத்து வைத்துக் கப்பலை நோக்கி நடக்கிறாள். நாடகம் அங்கே முடிகிறது. ‘பிறகு’ என்பது இருக்கிறது. எங்கள் மரபில் களத்துப் பெண் செத்துப் புகழடைகிறாள். பிழைத்த பெண் வேளத்துக்குள் போய்ப் பேச்சிழக்கிறாள். இரண்டு வழியிலும் ‘பிறகு’ என்பது அடைபட்டுவிடுகிறது.

ஒரே ஒரு சின்னத் திறப்பு, பாரி மகளிர். தகப்பனும் மலையும் போன பிறகு, போன மாத நிலாவையும் இந்த மாத நிலாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பாட்டு, புறநானூறு 112. அதில் வசை இல்லை, சாவு ஆசையும் இல்லை. எஞ்சியிருப்பவர்களின் குரல் அது. ஆனால் அவர்கள் பேசுவது அந்த ஒரு பாட்டு மட்டும்தான். அதன்பின் கபிலர் பேசுகிறார். விச்சிக்கோனிடம் கூட்டிப் போகிறார், இருங்கோவேளிடம் கூட்டிப் போகிறார், ஏற்றுக்கொள் என்கிறார். அன்பினால் செய்தார், சந்தேகமில்லை. ஆனாலும் யாருக்கு யார் என்கிற தால்திபியஸின் வேலையை நண்பனாக இருந்து செய்ய வேண்டியதாகிவிட்டது அவருக்கு. மகளிரின் பெயர் புறநானூற்றில் இல்லை. அங்கவை, சங்கவை என்பது பின்னால் வந்த கதை. கதை கொடுத்த அந்தப் பெயரையும் 2007இல் ‘சிவாஜி’ படத்தில் கறுப்பு நிறப் பெண்களைக் கேலி செய்ய எடுத்துக்கொண்டார்கள். தியேட்டரில் நானும் சிரித்தேன். எம்.ஏ. தமிழ்.

5

நண்பர்கள் இரண்டு மறுப்பு சொல்வார்கள். பரணி புகழ்ப்பாட்டு, அதனிடம் போய் அவலம் கேட்பது நியாயமா? வகையை வைத்துக் கவியைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லப் போனால் ஜெயங்கொண்டார்தான் அந்தப் பெண்களை உள்ளே விட்டார். கதவைத் தட்டினார், களத்தில் கேள்வியைக் கேட்க வைத்தார். மறுமொழி இல்லாமல் எண்ணூறு வருஷத்துக்கு மேல் படித்தது நாம். என் புகார் வாசிப்பின் மேல்.

இரண்டாவது, கிரேக்கத்தைத் தூக்கிப் பிடிக்கிறாயா? இல்லை. ஹெக்குபாவாக முகமூடி போட்டு நடித்தது ஆண். பெண்கள் பார்வையாளர்களாக இருந்தார்களா என்பதே இன்றுவரை தீராத வழக்கு. யூரிப்பிடிஸுக்கு அந்த வருஷம் கிடைத்தது இரண்டாம் பரிசு. அழுது முடித்த ஏதென்ஸ் அதே ஆண்டில் சிசிலியின் மேல் படையெடுத்துப் போனது. தோற்றவர்களுக்காக அழுவது வென்றவர்களின் சொகுசாகவும் இருக்கலாம். நாடகம் போரை நிறுத்தாது. ஆனால் கேள்வி கேட்கிறவளை முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம், குறுக்கே பேசாமல் கேட்கச் செய்கிறது. பரணியின் ஈரடித் தாழிசையில் அவளுக்கு அந்த அவகாசம் இல்லை.

ஈழத்தில் அந்த அவகாசத்தைப் பெண்கள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். 1986இல் யாழ்ப்பாணத்தில் வந்த ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பின் தலைப்பே இந்தக் கட்டுரையின் விஷயம்தான். 2009 மே மாதம் போர் முடிந்தது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார்கள் தெருவோரக் கொட்டகையில் படங்களோடு உட்கார்ந்தார்கள். கையில் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்பதுதான் கேள்வி. 2016இன் சட்டப்படி ஒரு அலுவலகம் உருவாகி, 2018இல் அதற்கு ஆணையாளர்களும் வந்தார்கள். மறுமொழி வரவில்லை. கேட்டுக்கொண்டே செத்துப்போன தாய்மார்களும் உண்டு. அவர்கள் ‘காணாமல் போனோர்’ என்று சொல்வதில்லை, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்கிறார்கள். போனார் என்றால் போனவர்தான் எழுவாய். ஆக்கப்பட்டார் என்றால் ஆக்கியவன் எங்கோ இருக்கிறான். இலக்கணம் படித்த நமக்குத் தெரியாத இலக்கணமா இது?

பரணிப் பெண் கேட்ட அதே ‘எங்கே’. ஒரு வித்தியாசம், இவர்கள் சாக மறுக்கிறார்கள். மூதானந்தமும் இல்லை, வேளமும் இல்லை. கதவுக்கு வெளியே, சாலையில்.

அந்தப் பெண் போன மாதம் மறுபடி வந்தாள். பெரியம்மாவைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியமில்லை. அவளே பரணிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, “அந்தப் பாட்டு எத்தினையாம் பக்கம் அண்ணா?” என்றாள். காட்டினேன். பென்சிலால் ஓரத்தில் ஏதோ எழுதினாள். புத்தகம் என்னிடம் திரும்பி வந்தபோது பார்த்தேன். ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் ஒரு தேதி.

இனி அந்தத் தாழிசையை வகுப்பில் சொல்லும்போது உரை முடிந்தது என்று என்னால் அடுத்த பாட்டுக்குப் போக முடியாது.