புரவலரும் கட்டடக்கலைஞரும்: ஜோன் வான்பறோ பற்றிய ஒரு நோக்கு

ஆங்கிலக் கட்டடக்கலை வரலாற்றிலே ஜோன் வான்பறோ (1664–1726) தனியிடம் பெறுபவர். படைவீரராயிருந்து, பிரான்சிலே சிறைப்பட்டு, பின்னர் நாடகாசிரியராகப் புகழீட்டிய இவர், கட்டடக்கலையில் முறையான பயிற்சியின்றியே 1699 அளவிற் கார்லைல் பிரபுவுக்காகக் காசில் ஹவாட் மாளிகையைத் திட்டமிட்டார். இதனைத் தனிமனித மேதைமையின் வெற்றியாகக் கொள்வது மரபு. ஆயின், அம்மேதைமைக்கு இடமளித்த சமூகச் சூழலை நோக்காது இம்முடிபுக்கு வருதல் பொருந்தாது.

விக் கட்சிப் பிரபுக்கள் கூடிய கிற்-கற் கழகத்தில் வான்பறோவும் கார்லைலும் உறுப்பினர். 1702இல் அரச கட்டடப் பணித்துறையில் வான்பறோ பெற்ற உயர்பதவி கார்லைலின் செல்வாக்கால் வாய்த்ததே. அவரிடமில்லாத தொழினுட்ப அனுபவத்தையோ, கிறிஸ்ரோபர் றென்னிடம் நெடுங்காலம் பயின்ற நிக்கலஸ் ஹோக்ஸ்மோர் ஈடுசெய்தார்.

புரவலர் ஆதரவின் மறுபக்கத்தைப் பிளெனிம் மாளிகை காட்டுகின்றது. 1704ஆம் ஆண்டுப் போர்வெற்றிக்காக மார்ள்பரோ கோமகனுக்கு ஆன் அரசி அளித்த கொடை அது. வேலை 1705இல் தொடங்கியது. எனினும், செலவின் முழுப்பொறுப்பு அரசினதா, கோமகனதா என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை. மார்ள்பரோ குடும்பம் அரசியின் ஆதரவை இழந்தபின், 1712இல் திறைசேரிப் பணம் நின்றது, வேலையும் நின்றது. ஏறத்தாழ 45,000 பவுண் தொழிலாளருக்குக் கொடுபடாதிருந்தது. பின்னர் கோமகனின் செலவில் வேலை தொடங்கியபோது கூலி குறைக்கப்பட்டமையால், முன்னைய சிறந்த கைவினைஞர் சிலர் திரும்பவில்லை. கோமகள் சாராவுடன் முரண்பட்ட வான்பறோ 1716இல் விலகினார். 1725இல் கார்லைல் குடும்பத்தாருடன் அங்கு சென்றபோது, தாம் திட்டமிட்ட மாளிகையின் பூங்காவுக்குள்ளேனும் நுழைய அவர் அனுமதிக்கப்படவில்லை.

இப்பிணக்கைச் சாராவின் கடுங்குணத்தின் விளைவெனக் கூறி அமைவர் சிலர். அது முழுமையான விளக்கமன்று. அவர் வேண்டியது வசதியாக வாழத்தக்க இல்லம். வான்பறோ எழுப்பியது வெற்றியின் நினைவுச்சின்னம். கோபுரங்களும் தூண்வரிசைகளும் திரண்டெழும் அதன் முகப்பிலே நாடகாசிரியரின் அரங்குணர்வு புலப்படுகின்றது. ஆயின், கண்ணுக்கு விருந்தாகும் அப்பேருருவம் உறைவோரின் அன்றாடத் தேவையைப் பின்தள்ளியது என்ற குறையை மறுத்தல் அரிது.

எனவே, பிளெனிமை ஒருவரின் கனவாகவோ மற்றொருவரின் சினத்தாற் சிதைந்த கனவாகவோ மட்டும் காணலாகாது. கலைஞனை உயர்த்திய புரவலர் ஆதரவே அவனை வாயிலில் நிறுத்தவும் வல்லதாயிருந்தது. வான்பறோவுக்கேனும் வரலாற்றில் இடம் கிடைத்தது. கூலிக்குக் காத்திருந்த கற்தச்சருட் பெரும்பாலோருக்கு அதுவும் கிட்டவில்லை. அம்மாளிகையின் அழகை மதிப்பிடுவோர் இதனையும் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும்.