க்ரீம் செய்த குற்றமா?

ரோமில் பாந்தியனுக்குப் பக்கத்துச் சந்தில் சாப்பிட்ட கார்பொனாரா பாஸ்தா சரியில்லை என்றால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, "க்ரீம் ஊற்றியிருந்தார்களா?" என்றுதான். ஊற்றியிருந்தார்கள். ஆனால் அந்த இரவுச் சாப்பாடு கெட்டதற்கு க்ரீம் ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை.

பன்றிக் கன்னத்தைப் பதப்படுத்திய குவாஞ்சாலே, முட்டை மஞ்சள் கரு, பெக்கொரினோ ரொமானோ சீஸ், மிளகு; இவற்றைத் தாண்டினால் துரோகம் என்பார்கள் ரோமர்கள். அந்தக் கறார் அண்மைக் காலத்தது. 1954-இல் 'லா குச்சினா இத்தாலியானா' இதழ் வெளியிட்ட செய்முறையில் பூண்டும் க்ருயேர் சீஸும் இருந்தன. புகழ்பெற்ற சமையல் கலைஞர் குவால்தியேரோ மார்கேசியே 1980-களில் க்ரீம் சேர்த்திருக்கிறார். போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் கொண்டுவந்த பேக்கனிலிருந்துதான் இந்த உணவே பிறந்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஆக, மரபைக் காட்டி மட்டும் தீர்ப்பு எழுத முடியாது.

க்ரீம் ஏன் வருகிறது என்று பார்ப்பதுதான் பயனுள்ளது. மஞ்சள் கரு 65, 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் கெட்டிப்படும். சூடு இன்னும் ஏறினால் முட்டைப் பொரியல்தான். அதனால் வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி, பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளற வேண்டும். கிளறியதும் தட்டுக்குப் போக வேண்டும். இருபது பேர் கொண்ட சுற்றுலாக் குழு ஒன்றாக வந்து உட்காரும் இடத்தில் இது நடக்கிற காரியமா? க்ரீம் சேர்த்தால் முட்டை சட்டென்று திரியாது, சாஸ் காத்திருக்கும். சமையல்காரருக்கு அது ஒரு காப்பீடு.

எங்கள் தட்டில் பெரிய கோளாறு வேறு. காய்ந்த ஸ்பகெட்டி வேக ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். எங்களுக்கோ ஆர்டர் கொடுத்த கையோடு வந்துவிட்டது. முக்கால் வேக்காட்டில் வடித்து, ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவி வைத்து, கேட்கும்போது வெந்நீரில் முக்கி எடுத்தது என்றே நினைக்கிறேன். அப்படி எண்ணெய் பூசிய பாஸ்தாவில் சாஸ் பிடிக்காது. வெள்ளைக் குழம்பு தட்டின் அடியில் குளமாகத் தேங்க, ஸ்பகெட்டி மேலே வழுக்கிக்கொண்டு கிடந்தது. கடித்தால் பல்லுக்கு வேலையே இல்லை.

இத்தகைய சுற்றுலா உணவகங்களை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. குடியிருப்புப் பகுதியின் நல்ல த்ராத்தோரியாக்கள் (எளிய உணவகங்கள்) பல மாலை ஏழரைக்கு முன் அடுப்பு மூட்டுவதில்லை. பசித்த குழந்தையோடு ஐந்து மணிக்கு எங்கே போவது? சுற்றுலா உணவகங்களில் விலை வாசலிலேயே எழுதியிருக்கும். எதில் இறைச்சி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் விளக்கம் இருக்கும். நம் ஊர் சைவர்களுக்கு இது சின்ன உதவியில்லை, ஏனென்றால் தக்காளி சாஸ் போலத் தெரியும் அமாத்ரிச்சானாவிலும் குவாஞ்சாலே உண்டு. (பெக்கொரினோ ரொமானோவே ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதியால் உறைய வைப்பதுதான், அதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.)

பில்லில் ரொட்டிக்குத் தனிக் காசு. ரோம் அடங்கிய லாட்ஸியோ மாநிலம் 2006-இல் 'கொபெர்த்தோ' என்ற இருக்கைக் கட்டணத்தைத் தடை செய்தது. கேட்காத ரொட்டிக்கு எழுதிய அந்தத் தொகை, வேறு பெயரில் அதே கட்டணம்தான். இதில் எனக்குத் தாட்சண்யம் கிடையாது.

பட்டியலோ பீட்சா, மீன், ஸ்டேக் என்று நீண்டு மிலான் ரிசோட்டோ வரை போனது. இத்தனையையும் ஒரே அடுப்படியில் செய்ய வேண்டுமானால் முன்கூட்டியே செய்துவைக்காமல் முடியாது. அதுவும் எல்லா உணவுக்கும் கேடில்லை. லசாஞ்ஞா காலையிலேயே செய்யலாம். அமாத்ரிச்சானாவின் சாஸ் சில மணி நேரம் தாங்கும். பக்கத்து மேசைக்குப் போன அமாத்ரிச்சானாவில் சாஸ் ஒழுங்காகப் பிடித்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது. காத்திருக்கத் தெரியாத கார்பொனாராவை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கினால் அந்தச் சமையலறை பாதி பிழைத்துவிடும். நீக்க மாட்டார்கள். பாந்தியன் பார்க்க வருகிறவர்களில் பலர் அதைத்தான் கேட்கிறார்கள்.