பெட்டிக்குள் ஆட்டை வைத்தது யார்?

'குட்டி இளவரசன்' பற்றிப் பேச்சு வந்தாலே, "கற்பனையெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்குத்தான், வளர்ந்தா போச்சு" என்று முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். எழுதாமல் இருக்க நல்ல சாக்கு.

மறுபடி வாசித்தபோது ஆடு வரையும் இடத்தில் நின்றுவிட்டேன். யானையை விழுங்கிய மலைப்பாம்பைப் பெரியவர்கள் தொப்பி என்றதால், ஆறு வயதிலேயே வரைவதை விட்டவன் கதைசொல்லி. விமானியாகி, சகாராவில் இன்ஜின் பழுதாகிக் கிடக்கிறான். இளவரசன் ஆடு கேட்கிறான். முதலில் வரைந்தது நோஞ்சான், அடுத்தது கிடா, அதற்கடுத்தது கிழடு. எதுவும் வேண்டாமாம். எரிச்சலில் ஒரு பெட்டியைக் கிறுக்கி, ஆடு உள்ளே இருக்கு என்று தள்ளிவிடுகிறான். பையனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. ஆடு தூங்குவதுகூடத் தெரிகிறதாம்.

பழைய பாம்புதான் பெட்டியாக வந்திருக்கு என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாம்புக்குள் யானையை அவனே வைத்தான். பிறர் கண்டுபிடிக்காதபோது நொந்துபோனான். பெட்டிக்குள் ஆட்டை வைத்தது பையன். வாசகனுக்கு இடம்விடும் இந்த வேலை ஆறு வயதில் அவனுக்கு வரவில்லை. வேலை தலைக்குமேல் கிடக்கிற பெரியவனுக்கு, அதுவும் சலிப்பில்தான், வந்தது.

புத்தகம் 1943இல் வெளிவந்தது. செந்த்-எக்சுபெரிக்கு அப்போது வயது 42. படங்களையும் அவரே வரைந்தார்.