யாருக்கு நல்ல நேரம்?

பஞ்சாங்கத்தைப் புரட்டி நேரம் குறிப்போரைக் கண்டு நாம் நகைக்கிறோம். இராகு காலமா, எமகண்டமா என்று கேட்டுக் காலெடுத்து வைப்போருக்காக இரங்குகிறோம். நன்று! ஆனால், பகுத்தறிவு பேசும் இளைஞரும் ஏன் என்று கேளாமல் ஏற்றுக்கொள்ளும் முகூர்த்தம் ஒன்று உண்டு, தோழர்களே! ஐ.பி.எல். கிரிக்கெட்டின் மாலை ஆட்டம் தொடங்கும் 7.30 மணிதான் அது.

கணக்கைப் பார்ப்போம். ஓர் அணியின் 20 ஓவருக்கு 90 நிமிடம். இடைவேளை 20 நிமிடம். மறு அணிக்கு மீண்டும் 90 நிமிடம். ஒரு நொடி பிசகாவிடினும் முடிவது 10.50 மணிக்கு. பிசகும் இரவுகளோ பல!

செங்கற்பட்டு மாவட்டத்துப் படூரிலிருந்து சேப்பாக்கம் செல்லும் இளைஞனை எண்ணிப் பாருங்கள். இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஆட்ட நாட்களில் மெட்ரோ வண்டியைக் கூடுதல் நேரம் ஓட்டியிருக்கிறார்கள், பாராட்டுவோம். ஆனால், அந்த வண்டி படூருக்கு வருவதில்லையே! நள்ளிரவில் நெடுஞ்சாலை, விடிந்தால் சிறுசேரியில் வேலை. வீட்டிலிருந்து காணும் சிறுவன் நிலை என்ன? வெற்றி தோல்வியை முடிவு செய்யும் கடைசி ஓவர், அவன் கண்ணை உறக்கம் அழுத்தும் வேளையில் வருகிறது. அதுவும் ஏப்ரலில், ஆண்டுத் தேர்வு நெருக்கும் மாதத்தில்!

“உழைப்பவர் வீடு திரும்ப வேண்டாமா? கோடை வெயில் தணிய வேண்டாமா?” என்பர். நியாயமான கேள்விகள், மறுக்கமாட்டோம். ஆனால், 2023ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தை மே 28, ஞாயிற்றுக்கிழமைக்குக் குறித்தார்களே, அன்று எந்த அலுவலகத்திலிருந்து யார் திரும்ப வேண்டியிருந்தது? அன்றும் அதே 7.30! அகமதாபாத்தில் மழை கொட்டியது. ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளப்பட்டது. மறுநாளும் மழை குறுக்கிட்டது. கடைசி இரு பந்துகளில் சடேசா ஆறும் நான்கும் அடித்துச் சென்னையை வெல்ல வைத்தபோது, மணி நள்ளிரவு ஒன்றைக் கடந்து செவ்வாய் பிறந்திருந்தது. மழை எவர் குற்றமுமன்று. ஆனால், தொடக்கமே இரவென்றால் தாமதத்தைத் தாங்க இடமேது?

ஏன் இந்தப் பிடிவாதம்? 2023 முதல் 2027 வரையிலான ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. கொடுத்தவர் அதை விளம்பரத்தில் மீட்க வேண்டும். விளம்பரத்துக்கு விலை மிகுந்த வேளை இரவு. ஓர் ஆட்டத்தில் நான்கு முறை, இரண்டரை நிமிடம் வீதம், ‘வியூக இடைவேளை’ என்று ஆட்டத்தை நிறுத்துகிறார்கள். வியூகம் ஆடுவோருக்கு, அறுவடை விற்போருக்கு, விழிப்பு மட்டும் நமக்கு!

மாற்ற இயலாதா? 2018இல் தகுதி ஆட்டங்களையும் இறுதி ஆட்டத்தையும் 7 மணிக்குத் தொடங்கினார்கள். காண்போர் மறுநாள் அலுவலகமும் பள்ளியும் செல்ல வேண்டுமென்று போட்டியை நடத்தியோரே காரணமும் கூறினர். பின் அந்தக் கனிவு எங்கே போயிற்று? 2008 பெய்சிங் ஒலிம்பிக்கில் நீச்சல் இறுதிப் போட்டிகளைக் காலையில் நடத்தினார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அது மாலை என்பதற்காக! கடல் கடந்த வணிகத்துக்காகக் கடிகாரம் வளையுமென்றால், படூர்ச் சிறுவனின் உறக்கத்துக்காக வளையாதா?

நாம் கேட்பது பெரிதன்று. விடுமுறை நாளில் ஆறு மணிக்குத் தொடங்குக. வேலை நாளில் ஏழு மணிக்குத் தொடங்குக. வியூக இடைவேளையை விலக்குக. ஆட்டத்தை வெறுப்பவரல்லர் நாம். ஆடுவோர் திறமை கண்டு ஆரவாரிப்பவர்கள்தாம். அதனால்தான் கடைசிப் பந்தையும் கண்டுவிட்டு உறங்கும் உரிமையைக் கேட்கிறோம்.

அந்த 7.30 விண்மீன் வகுத்ததன்று, வணிகர் வகுத்தது. மனிதன் வைத்த மணியை மனிதன் மாற்றலாம். கேட்போம், தோழர்களே!